ஓடைக்காவலின் கடைசி வார்னிங்

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் காபியைத் தொடாமலே போய்விட்டீர்கள். சர்க்கரை கம்மியாகத்தான் போட்டிருந்தேன். கொட்ட மனம் வராமல் உங்களுடையதை நானே குடித்தேன், பிறகு என்னுடையதையும் குடித்தேன். இந்த வீட்டில் ஒரே வேளையில் இரண்டு டம்ளர் கழுவி நெடுநாள் ஆகிறது. அதற்கே உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது, "கம்ப்யூட்டர் சமாச்சாரம் எங்க ஸ்டேஷன்ல யாருக்கும் புரியல சார். நடந்தத நீங்களே எளிமையா எழுதிக் குடுத்துடுங்க" என்றீர்கள். எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. நான் பிறந்த அன்று மணலூர்பேட்டையில் பெண்ணையாறு கரை புரண்டு ஓடியது, மருத்துவச்சி பரிசலில் வந்துதான் என்னை வெளியே எடுத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பிறந்தது சித்திரை மாதம். ஆற்றில் மணல்தான் ஓடியிருக்கும். கேட்பவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டுமே என்றுதான் அப்படிச் சொல்வது. எங்கெங்கே கூட்டியிருக்கிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். மற்றதெல்லாம் நடந்தது.

என் பெயர் தனசேகரன். சின்னசேலம் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்யாணம், கருமாதி, மரவள்ளிக் கிழங்கு விலை எல்லாம் என் காது வழியாகத்தான் சேலத்துக்குப் போயின. நான் ஒரு நாள் லீவு போட்டால் கள்ளக்குறிச்சி தாலுகாவில் பத்துக் கல்யாணம் நின்றுபோகும் என்பார்கள். என்பார்கள் என்றால், நான் சொல்வேன். ஆனால் நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருந்தது உண்மை. அடிக்கிற ஒவ்வொரு மணிக்கும் யாரோ ஒருவருக்கு நான் வேண்டியிருந்தது.

என் மனைவி கொளஞ்சியம்மாள் நன்றாக இருக்கிறாள். சேலத்தில் மகள் ஜெயசுதா வீட்டில். பேரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறியவள், பேரன் பள்ளிக்கூடம் போய் மீசை முளைத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. "நீங்க பேச ஆரம்பிச்சா எனக்குத் தல சுத்துது" என்று ஒரு முறை சொன்னாள், அவ்வளவுதான். பண்டிகைக்குப் போன் செய்வார்கள். மற்ற நாட்களில் என் போனைத் தவறாமல் அழைப்பது கடன் வேண்டுமா என்று கேட்கிற ஒரு பதிவுக் குரல் மட்டும்தான். இனிமையான குரல். விவரங்களுக்கு ஒன்றை அழுத்தவும் என்று சொல்லும். நான் அழுத்துவேன். அது இன்னும் கொஞ்சம் பேசும்.

சும்மா இருக்க முடியாமல் கணினியில் சி மொழி படித்தேன். இந்த வயதில் அதைப் படித்து முடித்தபோது அமெரிக்காக்காரர்கள் ஆள் அனுப்பிவிடுவார்களோ என்று வாசல் கேட்டைப் பூட்டி வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. அப்போதுதான் எழில்மதியின் நிரல், அதாவது புரோகிராம், இணையத்தில் கண்ணில் பட்டது.

எழில்மதியை உங்களுக்குத் தெரியும். நேற்று உங்கள் ஜீப்பில் அழாமல் உட்கார்ந்திருந்த பெண். கல்வராயன் மலையடியில், கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கருக்கா ஓடை இறங்குகிற இடத்தில் இருக்கும் குடியிருப்பில் பிறந்தவள். அங்கே எல்லோருக்கும் கூலி வேலை. ஓடைக்கு இந்தக் கரையில் வீடு, அந்தக் கரையில் மரவள்ளிக் காடு. நடுவில் ஒரு தரைப்பாலம். கரியாலூர்ப் பக்கம் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து பாலத்தை மூடும். அந்தப் பெண் படித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், ஓய்வு நேரத்தில் இதற்காக ஒரு நிரல் எழுதினாள். ஓடைக்காவல் என்று பெயர் வைத்தாள். மேலே பாறையில் ஒரு கருவி தண்ணீரின் உயரத்தை அளக்கும். மூன்று மீட்டரைத் தாண்டினால் கீழே குடியிருப்பில் ஒரு சங்கு ஊதும். சங்கு ஊதினால் யாரும் பாலத்தில் கால் வைக்கக் கூடாது. அவள் அம்மா ரங்கம்மாள் தினமும் அந்தப் பாலத்தில்தான் வேலைக்குப் போய் வந்தார். யாருக்காக எழுதினாள் என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்த நிரலை அவள் ஓப்பன் சோர்ஸாகப் போட்டிருந்தாள். அதாவது ஊருக்கே திறந்து வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துத் தங்கள் ஊர் ஓடைக்கு வைத்துக்கொள்ளலாம், குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். அவள் பார்த்துச் சரி என்றால் சேர்த்துக்கொள்வாள். கதவைத் திறந்து போட்டுவிட்டு, வருகிறவர்களை எல்லாம் வாங்க என்று கூப்பிடுகிற வீடு மாதிரி. நான் போனேன்.

இங்கே உங்கள் ஸ்டேஷன்காரர்களுக்காக ஒரு விளக்கம். நாம் எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். பெரிய தப்பு இருந்தால் மாற்ற மாட்டேன் என்று நின்றுவிடும். சின்னச் சந்தேகம் இருந்தால் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, இங்கே ஏதோ சரியில்லை என்று ஓரமாக முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்புக்குத்தான் வார்னிங் என்று பெயர். வேலைதான் முடிந்துவிட்டதே என்று அநேகம் பேர் அதைக் காதில் வாங்குவதில்லை. எனக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கேட்க ஆளில்லாமல் பேசிக்கொண்டிருக்கிற இன்னொரு ஜீவன்.

ஓடைக்காவலில் ஒரு கை நிறைய வார்னிங் இருந்தது. முதலில் நான் எடுத்தது எதற்கும் ஆகாத ஒன்று. ஓரிடத்தில் ஓர் எண்ணுக்குப் பெயர் வைத்துவிட்டு அதைப் பயன்படுத்தாமலே விட்டிருந்தாள். அந்த ஒரு வரியை நீக்கி, என் ஊரும் போன் எண்ணும் போட்டு அனுப்பினேன். மறுநாள் போன் அடித்தது. பதிவுக் குரல் என்று நினைத்து ஒன்றை அழுத்தப் போனேன்.

"சார், தனசேகரன் சாருங்களா? நான் எழில்மதி பேசறேன். ஓடைக்காவல்."

"சொல்லும்மா."

"ரொம்ப தேங்க்ஸ் சார். இத்தினி நாளா அந்த நிரல ஒருத்தரும் திறந்துகூட பாக்கல. நீங்க நம்ம ஊர்ப் பக்கம்னு போட்டிருந்துச்சா, போன் பண்ணிடலாம்னு தோணுச்சு. நீங்க இன்னா சார், ஐடியில இருந்தீங்களா?"

"இல்லம்மா. அதுக்கெல்லாம் மேல. டெலிபோன்."

அவள் சிரித்தாள். நெடுநேரம் பேசினோம். சின்னசேலம் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் எல்லாம் அன்றைக்கு நின்று, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போயின. அப்படித்தான் இருந்தது எனக்கு.

மிச்சம் இருந்தவற்றை ஒரே மாலையில் முடித்திருக்கலாம். நான் வாரத்துக்கு ஒன்று என்று அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு போன் வந்தது. அது அவள் வைத்துக்கொண்ட மரியாதை. திருத்தம் அனுப்பியவருக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும், நேரில் முடியாவிட்டால் வாய் வார்த்தையாகவாவது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அது அபூர்வம். சங்கைப் பொருத்தி முடித்த அன்று குடியிருப்பே கூடி நிற்க, பட்டனை அமுக்கி ஊதிக் காட்டினாளாம். போனிலேயே எனக்கும் கேட்கவிட்டாள். மலையே எழுந்து உட்கார்ந்திருக்கும், அப்படி ஒரு சத்தம். பட்டனை வைத்துச் சோதித்தார்கள். தண்ணீரை வைத்து யாரும் சோதிக்கவில்லை. கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது.

கடைசியில் ஒரு வார்னிங் மிஞ்சியது.

அதைக் கவனமாகச் சொல்கிறேன். தண்ணீரின் உயரத்தை அவள் சென்டிமீட்டரில் வாங்கி ஒரு சின்னப் பெட்டியில் போட்டிருந்தாள். கணினிக்குள் எண்களுக்கு அளவு வாரியாகப் பெட்டிகள் உண்டு. அவள் எடுத்தது இருப்பதிலேயே சின்னது. அதில் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் எந்த எண்ணும் நிற்காது. பெட்டியில் இருப்பது முந்நூறைத் தாண்டினால் சங்கை ஊது என்பது அதற்கு அடுத்த வரி. கம்பைலர் தன் பாணியில் முணுமுணுத்தது: இது ஒருக்காலும் நடக்காது. திரையில் காட்டுகிற உயரம் வேறு வழியாகப் போனதால் அது சரியாகவே இருந்தது. சங்குதான் ஊதாது. மலையே கரைந்து ஓடிவந்தாலும் ஊதாது.

அவள் முட்டாள் இல்லை. கருவியின் விலையைக் கம்மி பண்ண எல்லாவற்றையும் சிக்கனமாக எழுதியவள், அந்தச் சிக்கனத்தை ஓர் இடத்தில் ஜாஸ்தி பண்ணிவிட்டாள். யாருக்கும் நடக்கும். சரிசெய்ய ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். சின்னப் பெட்டி என்று இருப்பதைப் பெரிய பெட்டி என்று போட வேண்டும். மாற்றி, அனுப்பவும் தயாராக வைத்திருந்தேன்.

பிறகு யோசித்தேன். அனுப்பினால் அவள் கூப்பிடுவாள். இவ்வளவு பெரிய குறையைக் கண்டுபிடித்ததற்கு அதிகமாகவே நன்றி சொல்வாள். அதற்குப் பிறகு வார்னிங் இல்லை. நிரல் சுத்தம். சுத்தமான நிரலுக்கு யாரும் போன் செய்வதில்லை. எக்சேஞ்சிலும் அப்படித்தான், லைன் நன்றாக இருக்கும் வரை எங்கள் முகம் யாருக்கும் நினைவு வராது.

அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றிவிட்டேன். அதற்குப் பதிலாக அந்த வரிக்கு மேலே இன்னொரு வரி சேர்த்தேன். இந்த இடத்தில் முணுமுணுக்காதே என்று கம்பைலருக்குச் சொல்கிற வரி. அப்படிச் சொல்ல வசதி இருக்கிறது, சொன்னால் அது கேட்டுக்கொள்ளும். வார்னிங் போய்விட்டது. குறை அங்கேயே இருந்தது. "கடைசி வார்னிங்கும் சரி செய்யப்பட்டது" என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

"சார் பாத்தா போதும் சார். நான் இன்னா தனியா பாக்கறது" என்று போனிலேயே சொல்லி, பஸ்ஸில் இருந்தபடியே சேர்த்துக்கொண்டாள்.

ஒரு விஷயத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சங்கை நான் நிறுத்தவில்லை. அது ஊதப்போவதில்லை என்பது நான் வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே குரலை மட்டும்தான் நிறுத்தினேன்.

அவர்களைக் கைவிடும் எண்ணமும் எனக்கு இல்லை. சங்குக்குப் பதிலாக நான் இருந்தேன். என் மேசைக் கணினித் திரையில் ஓடையின் உயரம் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். கூலி ஆட்களைக் கூட்டிப்போகிற மேஸ்திரி அம்மாசியின் எண்ணை எழில்மதியிடம் வாங்கி வைத்திருந்தேன். முதல் மழைக்கு உயரம் ஏறியது. சங்கு ஊதவில்லை. நான் அம்மாசிக்குப் போன் செய்தேன். அவர் ஆட்களோடு பாலத்துக்கு வந்துவிட்டாராம். நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பனைமரம் வேரோடு பாலத்தின் மேல் உருண்டுபோனதாகச் சொன்னார். நான் பிறரிடம் சொல்லும்போது அதை நாலு மரமாக்கிக்கொண்டேன்.

"சங்கு ஊதலியே ஐயா?" என்று கேட்டார்.

"காத்து எதிர்ப்பக்கம் அடிச்சிருக்கும். சங்கு எதுக்கு, நான்தான் இருக்கனே" என்றேன்.

அந்தப் பதில் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஓரிரு மழைக்குள் சங்கையே மறந்துவிட்டார்கள். ஐயா போன் செய்தால் தண்ணீர் வருகிறது, செய்யாவிட்டால் வரவில்லை. இயந்திரத்தை நம்புவதைவிட ஒரு மனிதக் குரலை நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. தண்ணீர் இல்லாத நாளிலும் கூப்பிடுவேன்.

"அம்மாசி, இன்னிக்குத் தண்ணி கம்மிதான். சும்மா கூப்புட்டேன்."

"செரிங்க ஐயா. அப்போ போலாங்களா?"

"போங்க. இன்னா கொழம்பு இன்னிக்கி?"

"கருவாடுங்க. பசங்க நிக்கறாங்க, வச்சிடறேங்க."

அவர் வைத்துவிடுவார். நானும் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைப்பேன்.

அந்தப் பருவத்தில் ஒரு நாள் ரங்கம்மாள் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். தலையில் ஒரு சாக்குக் கிழங்கு. வாசலில் இறக்கி வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாங்க ஐயா, இம்மாம் பெரிய வூட்ல ஒண்டி ஆளா?"

"பேய் ரெண்டு இருந்துச்சு. அதுங்களும் என் பேச்சு தாங்காம சேலம் போயிடுச்சு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காபி கொடுத்தேன், குடித்தார். டம்ளரை எடுத்துப்போய் அவரே கழுவி வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

"அன்னிக்கி நீங்க மட்டும் போன் பண்ணலன்னா நாங்க பாதிப் பேரு போயிருப்போம் ஐயா. முன்னால போய்க்கினு இருந்தது நான்தான்."

"அப்போ நீங்களும் ஒரு நாள் எனக்குப் போன் பண்ணுங்க. தண்ணி வருதான்னு கேளுங்க. சாப்ட்டியா கெழவான்னு கேளுங்க. எதுவா இருந்தாலும் சரி."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யய்ய. உங்களுக்குப் போயி நாங்க போன் போடறதா? சாப்புடற நேரமோ, படுத்துகினு இருக்கற நேரமோ. பெரியவங்கள நேர்ல வந்து பாக்கறதுதாங்க மரியாத."

நான் போன் இலாகாக்காரன். என் வாழ்க்கை முழுக்க மனிதர்கள் ஒருவரை ஒருவர் வேண்டியபோது மணி அடித்தார்கள். அடிக்காதவர்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். அந்தக் குடியிருப்பில் எந்நேரமும் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமன், மச்சான், சந்தைக்காரன், எல்லோருக்கும் பேசினார்கள். அங்கிருந்து எனக்கு மட்டும் ஒரு அழைப்பு வந்ததில்லை. எழில்மதியும் கூப்பிடுவதை விட்டிருந்தாள். நான் சொன்னேனே, நிரல் சுத்தமாகிவிட்டது. நான் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் சார், அப்புறமா பண்றேன்" என்பாள். பண்ண மாட்டாள். கோபம் இல்லை எனக்கு. வேலைக்குப் போகிற பிள்ளை.

இந்த ஐப்பசிக்கு வருகிறேன்.

அன்று காலை ஓடைக்காவலைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்கிற குழுவில் யாரோ அவளுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு நிச்சயதார்த்தமாம். அடுத்த வாரம். யார் யாரோ பூங்கொத்துப் படம் போட்டிருந்தார்கள். எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. நான் போனை எடுத்துப் பார்த்தேன். தவறிய அழைப்பு எதுவும் இல்லை. மணிச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று சோதித்தேன். இருந்தது.

மத்தியானம் சின்னசேலத்தில் நல்ல வெயில். மலை மேல் மட்டும் கருத்திருந்தது. சோறு போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். உயரம் ஏற ஆரம்பித்தது. முதல் பருவத்தில் பார்த்ததைவிட வேகமாக ஏறியது. மூன்று மீட்டரைத் தாண்டியது. அங்கே தாண்டினால் பாலத்துக்கு வர அரை மணி ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது ஆட்கள் வேலை முடிந்து திரும்புகிற நேரம் என்பதும் தெரியும். ஐப்பசியில் மழைக்குப் பயந்து மத்தியானமே கிளம்பிவிடுவார்கள்.

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே ஒரு போன். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. மலை கருத்திருப்பதை அவர்களும் பார்ப்பார்கள். ஐயாவைக் கேட்போம் என்று ஒருவருக்காவது தோன்றாதா. தண்ணி வருதாங்க என்று ஒரு வார்த்தை. கேட்டால் உடனே சொல்லியிருப்பேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டால் சொல்லியிருப்பேன்.

போன் அடித்தது. கையைக் கழுவாமலே எடுத்தேன். கடன் வேண்டுமா என்று கேட்கிற குரல். முழுவதும் கேட்டேன். ஒன்றை அழுத்தினேன். முடிந்த பிறகு, மறுபடி கேட்க ஒன்பதை அழுத்தவும் என்றது. அழுத்தினேன். அது முடிந்தபோது அரை மணியும் முடிந்திருந்தது.

பாலத்தில் நடந்ததை அம்மாசி உங்களிடம் சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், உடைந்த காலைத் தூக்கிக் கட்டியிருந்த கட்டிலில். ஓடையின் நிறம் மாறியிருந்ததாம். செம்மண் கலங்கல். அம்மாசிக்குச் சந்தேகம். போனைக் கையில் எடுத்து, "ஐயாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்றிருக்கிறார். ரங்கம்மாள் தடுத்திருக்கிறார்.

"சாப்புடற நேரத்துல எதுக்குப்பா அவர எழுப்பற. தண்ணி வந்தா நம்ம கேக்காமயே சொல்றவரு. சொல்லலன்னா வரலன்னுதான அர்த்தம்."

சொல்லிவிட்டு அவரே முதலில் இறங்கினார். பின்னாலேயே விஜயலட்சுமி என்கிற பெண். இரண்டு பேரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. பிடிக்கப் போன அம்மாசிக்குப் பாலத்தின் ஓரத்தில் சிக்கிக் கால் உடைந்தது. விஜயலட்சுமியை எனக்குத் தெரியாது. அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை.

அம்மாசி இன்னொன்றும் சொன்னார். "மறாநாளு தட்டு எடுத்துகினு உங்க வூட்டுக்கு வர்றதா இருந்துச்சுங்க அந்தம்மா. பொண்ணு நிச்சயத்துக்கு மொத அழைப்பு ஐயாவுக்குத்தான், போன்ல சொல்லக் கூடாது, வெத்தல பாக்கு வச்சி நேர்ல கூப்புடணும்னு எழில்கிட்டயும் சொல்லி வச்சிருந்துச்சு. அதனாலதான் அந்தப் பொண்ணும் உங்களுக்குப் பேசாம இருந்துச்சு." சொல்லிவிட்டு அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு வருத்தமாக இருந்தது, கூடவே கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. வந்து அழைக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டி ஒரு போன் செய்துவிட்டு வந்திருக்கலாம். நான் அவரிடம் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

துக்க வீட்டில் எல்லா நாளும் இருந்தேன். எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நீங்க எத்தினி வாட்டி காப்பாத்துனீங்க, இந்த ஒரு வாட்டி உங்களுக்கும் தெரியாம வந்துடுச்சு பாருங்க" என்றார்கள். சாப்பாட்டுக்கு என்னைத் தேடி வந்து கூப்பிட்டார்கள். தூங்கினீங்களா என்று கேட்டார்கள். கூட்டிச் சொல்லவில்லை, என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் இருந்ததில்லை.

அதற்கு அடுத்த வாரம் எழில்மதி கூப்பிட்டாள். திருத்தம் எதுவும் அனுப்பாமலே அவளாகச் செய்த முதல் போன் அது.

"சார், சங்கு ஏன் ஊதலன்னு பாத்துகினு இருந்தேன்."

"சொல்லும்மா."

"கம்பைலர் வாய அடைக்க ஒரு வரி இருக்குது சார். உங்க பேர்ல. அத எடுத்துட்டுப் பாத்தா ஒரு வார்னிங் வருது. அந்த வார்னிங் இன்னா சொல்லுதுன்னு உங்களுக்கு அப்பவே புரிஞ்சுதா சார்? இல்ல புரியாமத்தான் அடைச்சிங்களா? புரியலன்னு சொல்லுங்க சார். நான் நம்பிக்கிறேன்."

பொய் சொல்லியிருக்கலாம், அவள் வழி விட்டிருந்தாள். ஆனால் ஒன்றும் தெரியாத கிழவன் என்று அவள் என்னை நினைத்துவிடக் கூடாது என்று இருந்தது.

"புரிஞ்சுதும்மா" என்றேன். "பெட்டியப் பெருசாக்கணும். ஒரே வார்த்த."

அவள் அழ ஆரம்பித்தாள். திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் போய், என் போனில் சார்ஜ் தீரும் வரை அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் நடந்ததிலேயே நீண்ட அழைப்பு அதுதான்.

இவ்வளவுதான் மேடம். வார்னிங்கைப் புரிந்துதான் அடைத்தேன். தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லாமல் இருந்தேன். இரண்டும் நான் செய்தது. நான் கெட்டவன் இல்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. எத்தனையோ முறை நானாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

முடிக்கும் முன் ஒன்று. எழில்மதி தன் நிரலைச் சரிசெய்துவிட்டாள். கருக்கா ஓடையில் இனி சங்கு ஊதும். ஆனால் அது திறந்த நிரல் அல்லவா, நாலைந்து ஊர்க்காரர்கள் முன்பே எடுத்துப்போய்த் தங்கள் ஓடைகளுக்கு வைத்திருக்கிறார்கள். குழுவில் சேராமல், அவளுக்குக்கூடத் தெரிவிக்காமல். அவர்களிடம் இருப்பது பழைய பிரதி. அதில் என் வரி இருக்கிறது, சின்னப் பெட்டி இருக்கிறது, முணுமுணுப்பு இல்லை. எந்தெந்த ஊர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்துப் பொருத்தும்போது சந்தேகம் வந்து, கடைசித் திருத்தத்தில் இருந்த பெயரைப் பார்த்து எனக்குத்தான் மின்னஞ்சல் போட்டார்கள். அதையெல்லாம் அப்போதே அழித்துவிட்டேன், ஆனால் எனக்கு ஞாபக சக்தி அதிகம். மூவாயிரம் டெலிபோன் எண்களை மனப்பாடமாகச் சொன்னவன்.

அந்த ஊர்ப் பெயர்களை இந்தத் தாளில் எழுதவில்லை. எழுதினால் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி இதை வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன், மழைக்காலம் இன்னும் முடியவில்லை, இன்றைக்குக்கூட மலைப் பக்கம் கருத்துத்தான் இருக்கிறது. கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். நேரில் வந்தாலே போதும். வரும் முன் ஒரு போன் மட்டும் செய்துவிடுங்கள், காபியைச் சூடாக வைத்திருக்கிறேன்.